செத்துப்போன சிப்பைச் சுற்றிக்கொண்டு போன கதை: வாயேஜர் 1 பழுதும் அசெம்பிளி மொழியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் 14 அன்று, சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் உளற ஆரம்பித்தது. சிக்னல் நின்றுபோகவில்லை. கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் இருக்கும் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்துக்கு அது வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவை ஒரே தினுசில் திரும்பத் திரும்ப வரும் ஒன்றுகளும் பூஜ்ஜியங்களும் மட்டுமே. காந்தப்புல அளவு இல்லை, பிளாஸ்மா அலை இல்லை, கலத்தின் வெப்பநிலை இல்லை, மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்ற தகவல்கூட இல்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவர் 'ம்... ம்... ம்...' என்றே முனகிக்கொண்டிருப்பது மாதிரி. காது கேட்கிறது, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார், பேச்சுதான் வரவில்லை.

2024 ஏப்ரலில் அந்தப் பேச்சைத் திரும்ப வரவழைத்தார்கள். எப்படி வரவழைத்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிராசசரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் மொழிக்கு அசெம்பிளி என்று பெயர். 'அசெம்பிளி இன்னும் எதற்கு?' என்று யாராவது கேட்டால் வழக்கமாக வரும் பதில் வேகம். அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வருகிறது. நாம் எளிதாக எழுதும் மொழிகளை மெஷின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். இன்றைய கம்பைலர்கள் எழுதும் கோடு (அதாவது நிரல்) நம்மில் பெரும்பாலோர் கையால் எழுதுவதைவிட நன்றாகவே இருக்கிறது. எனக்கு இந்த நிகழ்வு பிடிப்பதற்குக் காரணம் வேறு. இங்கே வேகம் ஒரு பிரச்சினையே அல்ல. மெஷினே உள்ளுக்குள் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேறு எந்த மொழியிலும் சொல் இல்லை.

கலத்துக்குள் என்ன இருக்கிறது

வாயேஜர் 1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5. இரட்டையான வாயேஜர் 2 அதற்கு 16 நாள் முன்பே, ஆகஸ்ட் 20 அன்று, கிளம்பிவிட்டது. இரண்டிலும் ஒரு தங்கமுலாம் பூசிய தட்டு. அதில் 55 மொழிகளில் வணக்கம். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. அந்த வருத்தம் தனிக்கதை. நமக்கு இப்போது வேண்டியது, அந்தக் கலம் உண்மையில் புரிந்துகொள்ளும் மொழி. அது அந்த 55-லும் இல்லை.

கலத்தில் மூன்று வகைக் கணினிகள். கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவது ஒன்று, கலம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று கவனிப்பது ஒன்று, கருவிகளிலிருந்து வரும் தரவைச் சேகரித்துப் பொட்டலம் கட்டி அனுப்பக் கொடுப்பது ஒன்று. மூன்றாவதற்குப் பெயர் ஃப்ளைட் டேட்டா சப்சிஸ்டம், சுருக்கமாக எஃப்.டி.எஸ். ஒவ்வொன்றும் ஜோடியாக இருக்கிறது. ஆறு கணினிகளின் மெமரியையும் கூட்டினால் 70 கிலோபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் ஒன்றுக்கே அது பத்தாது.

எஃப்.டி.எஸ். ஒன்றின் மெமரி 8,192 வேர்டு; ஒரு வேர்டுக்கு 16 பிட். ஆக 16 கிலோபைட். புரோகிராமும் அதில்தான், தற்காலிக எண்களும் அதில்தான், அனுப்பக் காத்திருக்கும் தரவும் அதில்தான். இந்த மெமரி சிமாஸ் வகை. மின்சாரம் போனால் எழுதியது எல்லாம் போய்விடும். அந்தக் காலத்தில் விண்கலத்துக்கு இப்படி ஒன்றை வைப்பது துணிச்சலான முடிவு. அதனால் கலத்தின் அணுமின் கலனிலிருந்து மெமரிக்கு நேரடியாக ஒரு மின்கம்பி கொடுத்தார்கள். அந்த மின்சாரமே நின்றுவிட்டால் கலமே இல்லை, அப்புறம் மெமரி இருந்தால் என்ன, அழிந்தால் என்ன என்பது அவர்கள் கணக்கு.

இரண்டு எஃப்.டி.எஸ். இருந்தால் ஒன்று கெட்டதும் மற்றொன்றுக்கு மாறியிருக்கலாமே என்று தோன்றும். வாயேஜர் 1-ன் மாற்று எஃப்.டி.எஸ். 1981-லேயே பழுதாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒற்றைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த கலம் இது.

இன்னொரு விஷயம். எஃப்.டி.எஸ்.-ன் பிராசசர் கடையில் வாங்கியது இல்லை. இந்த வேலைக்கென்றே வடிவமைத்தது. அதற்கென்று ஒரு தனிக் கட்டளைத் தொகுப்பு, அதற்கென்று ஓர் அசெம்பிளி மொழி. உலகத்தில் வேறு எந்த மெஷினும் அதைப் பேசுவதில்லை. வாயேஜர் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் ஓடுகிறது என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். பூமியில் இருந்த மென்பொருள்களுக்குத்தான் ஃபோர்ட்ரான். மேலே போனது அசெம்பிளி.

முதலில் நம் லேபுக்குப் போய் வருவோம்

பழுதைப் புரிந்துகொள்ள நாசாவுக்குப் போகும் முன் நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியின் மைக்ரோபிராசசர் லேபுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. 8085 என்ற பழைய பிராசசரை வைத்துப் பழகும் கிட்டைத் தொட்டவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே புரியும். சின்ன கீபேடு, சிவப்பாக ஒளிரும் எண்கள், பக்கத்தில் கட்டளைகளின் எண் அட்டவணை ஒட்டிய ஓர் அட்டை. கம்பைலரும் கிடையாது, அசெம்பிளரும் கிடையாது. ரெக்கார்டு நோட்டில் புரோகிராமை எழுதி, ஒவ்வொரு கட்டளைக்கும் அட்டவணையைப் பார்த்து எண் போட்டு, 4100 என்ற மெமரி முகவரியிலிருந்து ஒவ்வொரு பைட்டாக அமுக்கவேண்டும்.

அப்படி முப்பது நாற்பது பைட் அமுக்கி முடித்த பிறகு, நடுவில் ஒரு கட்டளை விட்டுப்போனது தெரிந்தால் எப்படி இருக்கும்? 4105-ல் '32 00 43' இருக்கிறது என்று வையுங்கள். கணக்கின் விடையை 4300-ல் எழுதிவை என்று அர்த்தம். 8085-ல் முகவரியைத் திருப்பித்தான் எழுதவேண்டும், 43 00 என்பது 00 43 ஆகும். இதற்கு முன்னால் '23' என்ற ஒற்றை பைட் வந்திருக்கவேண்டும், விட்டுவிட்டோம். ஒரு பைட் நுழைக்கவேண்டும் என்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரு வீடு தள்ளவேண்டும். தள்ளினால் அந்தப் பகுதிக்குத் தாவும் கட்டளைகளில் இருக்கும் முகவரிகள் எல்லாம் தப்பாகிவிடும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவேண்டும். மணி நாலேகால், நாலரைக்கு லேப் முடிகிறது, மேடம் வெளிக்கதவுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது ஒரு சீனியர் வந்து ஒரு குறுக்குவழி காட்டிக்கொடுப்பார். 4105-ல் இருக்கும் மூன்று பைட்டின் மேல் 'சி3 50 41' என்று அடி. 4150-க்குத் தாவு என்று அர்த்தம். 4150 காலி இடம். அங்கே விட்டுப்போன '23' போடு, அழித்த '32 00 43'-ஐத் திரும்ப எழுது, அப்புறம் 'சி3 08 41', அதாவது 4108-க்குத் திரும்பி வா. வேலை முடிந்தது. ரோட்டில் பள்ளம் வெட்டியிருந்தால் பக்கத்துத் தெருவில் புகுந்து திரும்ப மெயின் ரோட்டில் ஏறுவது போல.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அழித்தது ஒரே மூன்று பைட் கட்டளையாக இல்லாமல் மூன்று ஒற்றை பைட் கட்டளைகளாக இருந்து, வேறு எங்கிருந்தோ நேராக 4106-க்குத் தாவும் ஒரு லூப் இருந்ததென்றால்? மெஷின் 4106-ல் இருக்கும் 50-ஐக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 50-க்கும் ஓர் அர்த்தம் உண்டு: பி ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) இருப்பதை டி-க்கு நகலெடு. அடுத்த 41-க்கும் உண்டு: சி-யில் இருப்பதை பி-க்கு நகலெடு. பிழைச் செய்தி எதுவும் வராது. மெஷின் தன்பாட்டுக்குத் தப்பான காரியத்தைக் கர்மசிரத்தையாகச் செய்துகொண்டே போகும். எண் ஒன்றுதான், அது கட்டளையா, முகவரியா, தரவா என்பது யார் எப்போது அந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவும் மனசில் இருந்தால் வாயேஜர் கதையில் பாதி முடிந்த மாதிரி. லேபில் தப்பு செய்தால் ரீசெட் பட்டனை அமுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே அது முடியாது.

ஒரு கேள்விக்கு 45 மணி நேரம்

பழுது வந்தபோது வாயேஜர் 1 இருந்த தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ அலைக்கே ஒரு வழிக்கு 22½ மணி நேரம். திங்கள் காலை ஒரு கட்டளை அனுப்பினால் அதன் விளைவு புதன் காலைதான் தெரியும். கட்டளை போகும் வேகமும் விநாடிக்கு 16 பிட்தான்.

டிசம்பரில் செய்த முதல் காரியம் நாம் எல்லாரும் செய்வதுதான்: எஃப்.டி.எஸ்.-ஐ ரீஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். பலனில்லை.

கலம் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுகிறது என்பது தெரிந்தது. ஆகவே கட்டளைக் கணினி நலம், ரிசீவர் நலம். சந்தேகம் எஃப்.டி.எஸ். மேலும், அது கொடுக்கும் தரவை ரேடியோ அலையில் ஏற்றும் பகுதி மேலும்தான். இதற்கு மேல் துப்பு துலக்க வழியில்லை. காரணம், என்ன பழுது என்று சொல்லவேண்டியதே எஃப்.டி.எஸ்.தான். வாய்தான் கெட்டிருக்கிறது, வாயைத் திறந்து காட்டச் சொன்னால் எப்படி?

இந்த இடத்தில் இன்னொரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். பூமியில் எஃப்.டி.எஸ்.-க்கு ஒரு மாதிரிக் கணினி கிடையாது. அதே வன்பொருளும் இல்லை, அதைப் போலவே நடிக்கும் மென்பொருளும் இல்லை. எழுதிய கோடை அனுப்பும் முன் ஓட்டிப் பார்க்க ஓர் இடம் இல்லை. இருந்தவை பழைய ஆவணங்கள். இவ்வளவு காலம் ஓடும் என்று நினைக்காதவர்கள், தங்களுக்கு வேண்டிய அளவுக்கு எழுதிவைத்த தாள்கள். அசல் குழுவிலிருந்து கடைசிவரை இருந்த பொறியாளர் லாரி ஸொட்டரெல்லி 80 வயதில் ஓய்வுபெற்றுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. 2024-ல் உட்கார்ந்து படித்தவர்கள் தங்கள் முன்னோர் எழுதிய கோடைப் படித்தார்கள். கல்வெட்டு படிப்பவர்களின் வேலைக்கு இது ரொம்பப் பக்கம். வித்தியாசம், இந்தக் கல்வெட்டில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தால் கல்வெட்டே தொலைந்துபோகும்.

2024 மார்ச் 1 அன்று ஒரு கட்டளை அனுப்பினார்கள். அந்தக் குழு அதை ஆங்கிலத்தில் 'போக்' என்று அழைத்தது. விரலால் லேசாகக் குத்திப் பார்ப்பது. மெமரியில் ஏதோ ஒரு பகுதி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி வேறு வேறு இடங்களிலிருந்து ஓடிப்பார் என்பதுதான் அதன் சாரம். நம் சீனியர் சொன்ன 'வேறு இடத்துக்குத் தாவு' தந்திரத்துக்கு இது உறவுமுறைதான். இங்கே மட்டும் பள்ளம் எங்கே என்று தெரியாமல் தாவவேண்டியிருந்தது.

மார்ச் 3 அன்று பதில் வந்தது. வழக்கமான உளறலுக்கு நடுவில் ஒரு பகுதி மட்டும் வேறு மாதிரி இருந்தது. சரியாக ஓடும்போது எஃப்.டி.எஸ். அனுப்பும் வடிவத்திலும் அது இல்லை. முதலில் யாருக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை. மார்ச் 7 அன்று அதைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்கள். தொலைதூர விண்கலங்களோடு பேசும் நாசாவின் ஆன்டெனா வலையான டீப் ஸ்பேஸ் நெட்வொர்க்கைச் சேர்ந்த ஒரு பொறியாளர் அதைப் பிரித்துப் பார்க்க, மார்ச் 10 அன்று விஷயம் விளங்கியது: வந்திருப்பது எஃப்.டி.எஸ். மெமரியின் முழு நகல். கோடு, மாறிகள், தரவு, எல்லாம் அப்படியே எண்களாக.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மெமரி நகல் என்பது வெறும் எண்களின் வரிசை. 8,192 எண்கள். எது கட்டளை, எது தரவு என்று எங்கேயும் எழுதியிருக்காது. அதைப் பார்த்து 'இது இன்ன ரொட்டீனின் மூன்றாவது வரி, இந்த பிட் இப்படி இருக்கக் கூடாது' என்று சொல்ல அசெம்பிளி தெரிந்த கண் வேண்டும். கிட்டில் '3' விழவேண்டிய இடத்தில் '2' விழுந்திருப்பதைத் தூக்கக் கலக்கத்திலும் கண்டுபிடிக்கும் கண்ணின் பெரியண்ணன்.

பழுதுக்கு முன் எப்போதோ எடுத்துவைத்திருந்த பழைய மெமரி நகலோடு இதை வைத்து ஒப்பிட்டார்கள். பதில் கிடைத்தது. எஃப்.டி.எஸ். மெமரியில் சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது. கணக்குப் போட்டால் 250 வேர்டு பக்கம். ஒரே ஒரு சிப் செத்திருக்கிறது. அந்தப் பகுதி அதில் இருந்தது. விண்வெளியில் பாய்ந்துவரும் துகள் ஏதோ ஒன்று இடித்திருக்கலாம். அல்லது 46 வருஷம் உழைத்த களைப்பாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. செத்தது செத்ததுதான். ஆனால் அந்த 3 சதவீதத்தில் இருந்தவற்றில் தரவைப் பொட்டலம் கட்டும் கோடும் சேர்த்தி. அதனால்தான் மற்றதெல்லாம் உயிரோடு இருந்தும் பேச்சு நின்றுபோனது.

வீடு மாற்றுதல்

சிப்பை மாற்ற முடியாது. ஆகவே அதில் குடியிருந்த கோடை வேறு வீட்டுக்கு மாற்றவேண்டும். இப்படிச் சொன்னால் சுலபமாகத் தெரிகிறது. 16 கிலோபைட்டில் 1977-லிருந்து ஒவ்வொரு வேர்டும் யாருக்கோ வேண்டியதாக இருந்திருக்கிறது. மொத்தக் கோடையும் தூக்கிவைக்கும் அளவுக்கு ஒரே இடத்தில் காலி மனை எங்கேயும் இல்லை.

சரி, துண்டு போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். கோடைப் பல துண்டுகளாக வெட்டி, மெமரியின் வேறு வேறு மூலைகளில் கிடைத்த சந்துகளில் செருகுவது. இடம் செய்ய, இனிமேல் வேண்டாத பழைய கோடைக் காலிசெய்தார்கள். வியாழனைக் கடந்தபோது அதிவேகமாகத் தரவு அனுப்பப் பயன்பட்ட பகுதி அப்படிப் போனதில் ஒன்று. அது 1979 சமாச்சாரம். இப்போதைய தூரத்திலிருந்து அந்த வேகத்தில் அனுப்ப எப்படியும் முடியாது. வீட்டில் பரணை ஒழிக்கும்போது, கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவைக் கடைசியில் கொடுத்துவிடுகிற மாதிரி.

துண்டு போட்டால் வரும் வேலையை மேலே பார்த்துவிட்டோம். ஒரு துண்டின் கடைசியில் அடுத்த துண்டுக்குத் தாவல் சேர்க்கவேண்டும். உள்ளேயே சுற்றும் தாவல்களின் முகவரியை மாற்றவேண்டும். அதைவிட முக்கியம், மெமரியின் மற்ற 97 சதவீதத்தில் எங்கெல்லாம் பழைய முகவரி எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் தேடித் திருத்தவேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கணினி நேராகப் போய்ச் செத்த சிப்பில் விழும். அங்கே இருக்கும் குப்பையையும் ஒரு கட்டளையாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். நேரக்கணக்கும் இருக்கிறது. எஃப்.டி.எஸ். கடிகாரத்தோடு கைகோத்து ஓடும் கணினி. கருவியிலிருந்து தரவு வரும் நேரத்தில் அது வாங்கத் தயாராக இருந்தாகவேண்டும். ஒவ்வொரு கூடுதல் தாவலும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும்.

ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லாததால் இதெல்லாம் தாளிலும் தலையிலும் நடந்த சரிபார்ப்பு. ஒருவர் எழுத, இன்னொருவர் படித்துத் தப்பு கண்டுபிடிக்க, அப்புறம் இன்னொருவர் படிக்க.

முதல் தவணையாக ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: கலத்தின் உடல்நிலைத் தகவலைப் பொட்டலம் கட்டும் கோடு. அறிவியல் தரவு அப்புறம் வரட்டும், முதலில் நாடி பார்ப்போம் என்கிற முறை. எனக்கு இது ரொம்பச் சரியான முடிவாகப் படுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பி ஏதாவது கோளாறானால் எந்தத் துண்டு காரணம் என்று தெரியாது. அதைத் தெரிவிக்கும் வாயும் அதே துண்டுகளில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று பதில் வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கலத்தின் வெப்பநிலையும் மின்னழுத்தமும் படிக்கிற மாதிரி எண்களாகத் திரையில் வந்தன.

இது முதல் தடவை இல்லை

இந்தக் குழுவுக்கு இப்படிப்பட்ட வேலை ஓரளவு பழக்கம்தான். 2010-ல் வாயேஜர் 2 இதேபோலத் தரவை உளற ஆரம்பித்தது. மெமரி நகல் வாங்கிப் பார்த்ததில் எஃப்.டி.எஸ்.-ல் ஒரே ஒரு பிட் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாகத் திரும்பியிருந்தது. திருப்பி வைத்தார்கள், சரியானது. அப்போது நகல் கேட்டால் கொடுக்க வாய் இருந்தது, அதனால் ஒரு மாதத்தில் முடிந்தது.

2017 நவம்பரில் வாயேஜர் 1-ன் ஒரு தொகுதித் த்ரஸ்டர்களை, அதாவது கலத்தைத் தள்ளித் திருப்பும் சிறு உந்திகளை, 37 வருஷம் கழித்து இயக்கினார்கள். கடைசியாக அவை ஓடியது 1980 நவம்பரில், சனிக்கோளைக் கடந்தபோது. இயக்கும் முன் பழைய அசெம்பிளி கோடைத் தோண்டி எடுத்துப் படித்தபிறகுதான் கை வைத்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. அது பழுது பார்த்தல் இல்லை, புது வித்தை கற்றுக்கொடுத்தல். வாயேஜர் 2 சனியைத் தாண்டி யுரேனஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவ்வளவு தூரத்திலிருந்து படங்களை அனுப்ப வேகம் போதாது என்று தெரிந்தது. ஒரு படம் 800 வரி, வரிக்கு 800 புள்ளி, புள்ளிக்கு 8 பிட். 51 லட்சத்து 20 ஆயிரம் பிட். சும்மா உட்கார்ந்திருந்த மாற்று எஃப்.டி.எஸ்.-க்குப் புதிய கோடு எழுதி அனுப்பினார்கள்: ஒவ்வொரு புள்ளியின் முழு மதிப்பையும் அனுப்பாதே, பக்கத்துப் புள்ளிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பு. பிட்டுகள் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தன. 1986 ஜனவரியில் யுரேனஸின் படங்கள் அப்படித்தான் வந்தன. கிளம்பும்போது இல்லாத திறமையை வழியில் கற்றுக்கொண்ட கலம்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை. விண்கலம் என்றாலே அசெம்பிளி வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அடிக்கடி தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. முன்னுரிமை குறைந்த வேலை ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டு, முன்னுரிமை கூடிய வேலையைக் காக்கவைத்த கோளாறு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் அதற்கென்று இருந்த ஒரு வசதியை ஆன் செய்ததும் தீர்ந்துவிட்டது. அசெம்பிளி பக்கமே யாரும் போகவில்லை. அங்கே மெஷின் சரியாக இருந்தது, எழுதியதில் தப்பு. மெஷின் சரியாக இருக்கும்வரை மேல்மொழிகள் போதும், தாராளமாகப் போதும். 'இந்த மாறி மெமரியில் எங்கே இருந்தால் உனக்கென்ன' என்பதுதான் சி-யும் பைத்தானும் நமக்குத் தரும் சுகம். வாயேஜரில் எங்கே என்பதுதான் கேள்வியே.

நம் மேஜைக்கு வந்தால்

2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி நடந்ததை வைத்து இங்கே ஒருவர் அசெம்பிளி படிக்கவேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழுநேரமாக அசெம்பிளி எழுதும் வேலை இன்று கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமும் நாம் நினைப்பதைவிட நம் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனில் ஏவி1 வடிவத்தில் வீடியோ பார்க்கிறீர்கள் என்றால் அதைப் பிரித்துக் காட்டுவது பல சமயம் டேவிட் என்ற டிகோடர்; விஎல்சி பிளேயரைத் தந்த வீடியோலேன் குழு செய்தது. அதில் சி மொழி வரிகளைவிடக் கையால் எழுதிய அசெம்பிளி வரிகள் பல மடங்கு. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவான கெர்னலில் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் அந்த நொடித்துளி இன்னும் அசெம்பிளிதான், ஏனென்றால் ரெஜிஸ்டர்களைப் பெயர்சொல்லிக் கூப்பிடும் வசதி சி-யில் இல்லை. ரகசியக் குறியீட்டு நிரல்களில் இன்னொரு தலைவலி: சாவியின் பிட் எதுவானாலும் ஒரே நேரம் பிடிக்கவேண்டும் என்று நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதியதை, கெட்டிக்கார கம்பைலர் 'சுருக்கிவிட்டேன்' என்று பெருமையாக மாற்றிவைக்கும்; நேரம் வித்தியாசப்படும்; வெளியில் இருப்பவன் கடிகாரத்தை வைத்தே சாவியை ஊகிப்பான்.

எழுதுவதைவிடப் படிப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எம்பெடட் வேலையில், அதாவது சாதனங்களுக்குள் பொதிந்திருக்கும் கணினிகளுக்குக் கோடு எழுதும் வேலையில், இருப்பவர்களுக்கு இது தெரிந்த அனுபவம்: போர்டு தொங்கிவிட்டது, கையில் இருப்பது ஒரு முகவரியும் சில ரெஜிஸ்டர் மதிப்புகளும் மட்டும். சி கோடு ஆயிரம் தடவை பார்த்தாலும் பிழையே இல்லாமல் பளிச்சென்று இருக்கும். டிஸ்அசெம்பிளியை (மெஷின் எண்களைத் திரும்ப அசெம்பிளியாக மாற்றிக் காட்டும் பட்டியலை) திறந்து அந்த முகவரியில் என்ன கட்டளை என்று பார்க்கத் தெரிந்தவர் அரை மணியில் எழுந்து டீ குடிக்கப் போவார். தெரியாதவர் அங்கங்கே பிரிண்ட் வரி சேர்த்துச் சேர்த்து மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன்.

நம் லேபுகளில் 8085 கிட்டைத் தூக்கிவிட்டுச் சிமுலேட்டர் வைத்தால் போதும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அரைமனது. 1976-ல் வந்த சிப்பை இன்னும் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை, உண்மைதான்; வேறு சிப் வரட்டும். ஆனால் ஒரு தடவையாவது கையால் முகவரி எண்ணி, தப்பாக எண்ணி, தாவல் தப்பான இடத்தில் விழுந்து, கிட் மௌனமாகிப்போவதைப் பார்க்கவேண்டும்.

மிச்சக் கதை

உடல்நிலைத் தகவல் வந்த பிறகு அறிவியல் தரவுக்கான கோடுகளையும் இதே முறையில் மாற்றினார்கள். மே மாதத்தில் பிளாஸ்மா அலைக் கருவியும் காந்தமானியும் பேசின. ஜூன் 13 அன்று, இயங்கிக்கொண்டிருந்த நான்கு கருவிகளிலிருந்தும் ஒழுங்கான தரவு வருகிறது என்று அறிவித்தார்கள். 1972 முதல் ஐம்பது வருஷம் இந்தத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த எட் ஸ்டோன் அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 9 அன்று, காலமாகியிருந்தார்.

செத்த சிப் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதன் 250 சொச்சம் வேர்டுகளை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஜூன் மாதம் குழுவுக்கு மிச்சம் இருந்தவை சில்லறை வேலைகள்: மூன்று கணினிகளின் கடிகாரங்களையும் திரும்ப ஒன்றோடொன்று பொருத்துவது, அப்புறம் கலத்தில் இருக்கும் டேப் ரெக்கார்டருக்குக் கொஞ்சம் பராமரிப்பு. பிளாஸ்மா அலைக் கருவியின் தரவில் ஒரு பங்கை அது நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.